ஜிஎஸ்டி ரோட்டில் ஏலம் போன என் நாவல்

நேத்து எனக்கு வேலை ரொம்ப சிம்பிள். சிட்லபாக்கத்துல தன்னோட அக்கா வீட்டுல தங்கியிருக்கிற ஒரு கெஸ்ட்ட கார்ல ஏத்திக்கிட்டு வந்து, காட்டாங்குளத்தூர்ல எங்க காலேஜ் விழாவுல இறக்கி விடணும். அவ்ளோதான்.

கெஸ்ட் யாருன்னா, சுமித்ரா மேடம். லிட்டரரி ஏஜென்ட். எழுத்தாளருக்காகப் பதிப்பாளர்கிட்ட பேரம் பேசி புக்க வித்துக் குடுக்கறவங்க. எங்கயோ புரூஃப் பாக்குற வேலையில ஆரம்பிச்சவங்களாம். இன்னிக்கு அவங்க போன் வந்தா டெல்லி பதிப்பாளர் சாப்பாட்டப் பாதியில விட்டுட்டு ஓடி வருவாராம். அவங்க சரின்னா புக்கு லண்டன் போகும். முடியாதுன்னா அலமாரியில தூங்கும்.

என் நாவலும் அலமாரியிலதான் தூங்குது. காலேஜ் லைப்ரரியில வேலை பாத்துக்கிட்டே மூணு வருஷம் எழுதினது. எந்தப் பதிப்பகமும் சீந்தல.

விடுவேனா? "டிரைவர் எதுக்கு சார், நானே போறேன்!"னு முந்திக்கிட்டேன்.

எங்க லைப்ரரி ஹெட் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "நேரத்துக்கு மேடைக்கு வந்துடணும். வழியில அவங்கள அறுக்காதய்யா."

"சேச்சே, நானா சார்!"

மேடம் வந்தாங்க. வெயிலுக்குத் துப்பட்டாவத் தலையோட சுத்தி, கறுப்புக் கண்ணாடி. பின் சீட்டுல உக்காந்து, போலாம்னு கையக் காட்டினாங்க.

தாம்பரம் தாண்டியாச்சு. பெருங்களத்தூர் சிக்னல்ல வண்டி நின்னதும் துணிஞ்சு கேட்டேன்.

"மேடம், ஒரு கதை சொல்லட்டுமா?"

"ம், சொல்லுங்க."

அடிச்சது லக்கு! ரயில்வே கேட்கீப்பர் ஹீரோ, அவன் காதல், அவனோட சித்தப்பா, சித்தப்பாவோட ரெண்டு கல்யாணம்னு அவுத்து விட்டேன்.

"ரொம்ப நீளம். பாதியக் குறைக்கணும்"னாங்க மேடம்.

பெரியவங்க சொன்னா சும்மாவா? சித்தப்பாவக் குடும்பத்தோட வண்டலூர் பாலத்துலயே இறக்கி விட்டுட்டேன்.

"கிளைமாக்ஸ்ல அழுகை பத்தல."

ஹீரோ பாவம், கல்யாணம் பண்ணிக்கிட்டு நிம்மதியா இருந்தான். ஊரப்பாக்கம் வர்றதுக்குள்ள அவனக் கொன்னேன்.

"இது சூப்பர்! நாலு பதிப்பாளருக்கு அனுப்பி ஏலம் விட்டுடலாம்."

ஏலம்! என் நாவலுக்கு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு மக்களே. முன்னாடி போன பஸ்ஸு கலங்கலாத் தெரியுது.

"ஃபாரின் ரைட்ஸ் மட்டும் நான் பாத்துக்கறேன், சரியா?"

"எல்லாமே நீங்க பாத்துக்கங்க மேடம்!"னு கத்தினேன்.

அதே ஜோர்ல ஹீரோவோட இறுதி ஊர்வலத்த விலாவாரியா நடத்தி முடிச்சிட்டு நிமிர்ந்தா, போர்டுல மறைமலை நகர்னு போட்டிருக்கு.

போச்சுடா! காலேஜ் எப்பவோ பின்னாடி போயிடுச்சு!

ஹெட் போன் பண்ணாரு. "எங்கய்யா இருக்க? ஹால் ஃபுல்லா பசங்க விசிலடிக்கறானுங்க!"

"வந்துட்டே இருக்கோம் சார்"னு வச்சுட்டேன். எந்தப் பக்கமா வந்துட்டிருக்கோம்னு சொல்லல.

மேடம் துப்பட்டாவ விலக்கினாங்க. ரெண்டு காதுலயும் வெள்ளையா இயர்பட்ஸ்! ஒவ்வொண்ணாக் கழட்டினாங்க.

"என்ன டிரைவர், வழி தெரியலையா?"

"மேடம்... இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசினீங்க?"

"கோயம்புத்தூர்ல ஒரு ரைட்டர். அவர் புக்கு விஷயமா. ஏன்?"

அடப்பாவி! எவனோ ஒருத்தன் புக்கு விக்கறதுக்காக, நல்லாருந்த என் ஹீரோவ அநியாயமா சாகடிச்சுட்டேன்!

மானம் போனது போச்சு, இன்னும் என்ன இருக்குன்னு சொல்லிட்டேன். "நானும் எழுதறேன் மேடம்."

"எல்லாரும்தான் எழுதறாங்க. முதல்ல யூ-டர்ன் பாருங்க."

யூ-டர்ன் அடிச்சேன். மனசு கேக்கல. "நான் பேசினது அந்த ரைட்டருக்காவது கேட்டுச்சா மேடம்?"

"ஓ, நல்லா கேட்டுச்சாம்."

"என்ன சொன்னாரு?"

"கார்ல ஏதோ ரேடியோ நாடகம் ஓடுது, நிறுத்தச் சொல்லுங்கன்னாரு."

மக்களே, ரேடியோ ஸ்டேஷன்ல தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?