மூன்று நாட்டு ரோபோவும் நான் பார்க்காத பெண்ணும்

தாலி கட்டும் வரை என் மனைவியின் முகத்தை நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போகாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். போனேன். பெண்ணின் ஊரான விதுரா வரை பஸ்ஸில் போய், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு தட்டு கேசரியும் தின்றேன். பெண்ணை மட்டும் பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. பழவங்காடியில் ஒரு பேன்சி கடையில் விற்பனையாளனாக இருந்தேன். வாட்ச், டார்ச், பொம்மை என்று எதைக் கொடுத்தாலும் எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். (கவிழ்த்துப் பார்ப்பேன், அடியில் எழுதியிருப்பதை வாசிப்பேன். என் ஞானம் மொத்தமும் அவ்வளவுதான்.) பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் டூப்ளிகேட் என்று சொல்லி ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைக் கெடுத்திருந்தேன். அதனால் அக்கா பஸ்ஸிலேயே எச்சரித்தாள்.

“அங்க போயி வாயத் தொறக்காதே, கேட்டியா? இதுவும் போச்சுன்னா நீ சாமியாராத்தான் போகணும்.”

பெண்ணின் அப்பா மலைமேல் ஒரு எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா. அவர் வீட்டு ஷோகேஸின் நடுவில், சாமி படத்துக்கு இணையான மரியாதையோடு ஒரு தகர ரோபோ நின்றது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் கொடுத்ததாம்.

“இங்கிலாந்து சாதனமாக்கும்! நீங்க கடையில உள்ள ஆளுல்லா, பாத்துச் சொல்லுங்க” என்று என் மடியில் வைத்தார்.

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? கவிழ்த்தேன். பாதத்தின் அடியில் ‘மேட் இன் ஜப்பான்’.

“ஜப்பான்” என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

“அதெப்படி? பெட்டியில லண்டன்னு இருக்கே!” என்று அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உண்மைதான், லண்டன் கடை ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. பாட்டரி மூடியைக் கழற்றினேன். அதில் ஹாங்காங்! முதுகில் வட்டத்துக்குள் இரண்டு எழுத்து, செய்த கம்பெனியின் சின்னம். எந்தக் கம்பெனி? யாருக்குத் தெரியும்! எல்லாம் தெரிந்தவன்போல் “ம்ம்” என்றேன்.

“அப்போ இது எந்த ஊரு சாதனம்?” அவர் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், பத்து வருடமாக ஊர் முழுக்க இங்கிலாந்து என்று சொல்லி வைத்திருந்த மனுஷன்.

மூன்று நாடு, ஒரே பொம்மை. ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து அதை உருட்டி உருட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு காபி டம்ளர் வந்தது. “அங்க வச்சிருங்க” என்றேன், நிமிராமலே.

“மூடி நான் மாத்தினது” என்றது ஒரு பெண் குரல். “பழசு ஒடைஞ்சு போச்சு. இது தம்பியோட பொம்மைக் காருல உள்ளது. ரோபோ ஜப்பான்ல செஞ்சது, லண்டன்ல வித்தது. அவ்வளவுதான்.”

அட! மூடியின் ஓரத்தில் அரம் வைத்துத் தேய்த்த தடம் இருந்தது. என்ன சுத்தமான வேலை! பாராட்டலாமென்று நிமிர்ந்தபோது வாசல் திரைதான் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ் நெடுமங்காடு தாண்டியதும் அக்கா கேட்டாள்: “பொண்ணு எப்பிடிடே?”

“எந்தப் பொண்ணு?”

அக்கா பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். மூடியை மாற்றியவள்தான் பெண் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குரலைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம். அவர்கள் எப்படிச் சம்மதிப்பார்கள்? பத்து நாள் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. ‘முன்னால் வந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து நிறம் போதாது என்றார்கள், இவர் நான் போட்ட மூடியைப் பார்த்தார், இவரே போதும் என்கிறாள் மகள் சரசு.’ கீழே தனியாக, தன் கருத்தாக அவர் எழுதிய ஒரு வரி: ‘எனக்கு இஷ்டமில்லை.’

கல்யாணம் நடந்தது. மாமனார் மட்டும் சமயம் பார்த்துக் காத்திருந்தார். மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் கொடுத்துச் சொன்னார்: “கவுத்துப் பாருங்க மாப்பிள்ளை. எந்த ஊரு சாதனம்?”

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதலில் என் கையில்தான் கொடுக்கிறார்கள். எல்லோரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். நானும் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வேன்: “விதுரா. ஒரிஜினல்.”