தண்ணிப் பம்பின் நாலாவது போல்ட்

வானம் இடிந்து விழுந்தாலும் சரி, வாவி வற்றிப்போனாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை கதிரவெளிக்குப் போவதில்லை என்று பேர்னாட் முடிவெடுத்துவிட்டார். முடிவை யாருக்கும் சொல்லவில்லை. முக்கியமாக, மனைவி இமெல்டாவுக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் எடுத்த வீரமான முடிவுகள் எல்லாமே இப்படி மனசுக்குள் எடுக்கப்பட்டவைதான்.

கதிரவெளியில் இருப்பவர் இமெல்டாவின் அண்ணன் றொனால்ட். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கனடாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, ஆயிரத்து இருநூறு படங்களோடு திரும்பி வந்தவர். பனி விழுமுன் கார். பனி விழும்போது கார். பனிக்குள்ளே எங்கே இருக்கிறதென்றே தெரியாத கார். மாதத்தில் இரண்டு ஞாயிறு, அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப்போய் பேர்னாட் இவற்றை அதிபரின் போனில் பார்க்க வேண்டும். நடுவில் கொட்டாவி விட்டால் அதிபர் முதல் படத்திலிருந்து தொடங்குவார்.

இந்த ஞாயிறோ, நாலு மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். பேர்னாட் ஒரு காலத்தில் கோல் காத்த அணி பதினொரு வருடத்துக்குப் பிறகு இறுதிக்கு வந்திருக்கிறது. அதைப் பார்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். "மேட்ச் பாக்கப் போறன்" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இமெல்டா சண்டை பிடிக்கமாட்டாள். "சரி" என்பாள். அந்தச் "சரி"க்குத்தான் பேர்னாட்டுக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர் வேலை முடிந்து வந்ததும் காரின் பொனட்டைத் திறந்தார். எஞ்சினோடு தண்ணிப் பம்பைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் ஒன்றைக் கழற்றினார். கையில் கிறீஸ் பூசிக்கொண்டார். போதாதென்று நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

"இமெல்டா, கார் போச்சு."

இறால் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எங்க போச்சு? வாசல்லதானே நிக்கிது."

"விளையாடாத. எஞ்சின் புளொக்குக்குள்ள போல்ட்டப் பிடிக்கிற மரை தேஞ்சி போயிற்று. போல்ட்டப் பூட்டினா சும்மா சுத்துது. தண்ணி ஒழுகும். ஓடினா எஞ்சின் அவிஞ்சி போகும்."

"ஐயோ பாவம்."

"எஞ்சின இறக்கித்தான் செய்யணும். ஒரு மாசமாவது எடுக்கும்."

"அந்தப் போல்ட்ட ஒருக்காக் காட்டுங்க."

காட்டினார். இமெல்டா அதை விரலுக்குள் உருட்டிப் பார்த்தாள். சீலைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய தகப்பன் கிரானில் நெல் ஆலை எஞ்சினோடேயே காலம் தள்ளிய மனிதர். அந்த விஷயம் பேர்னாட்டுக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை.

"சரி" என்றாள் இமெல்டா.

பேர்னாட் பயந்த அதே "சரி". ஆனால் அவள் போனை எடுத்துப் பேசியதைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்லாயிற்று.

"அண்ணன், கார் ஏலாதாம். ஓம்... ஓம்... அவருக்கும் சரியான கவலை. உங்களப் பாக்கேலாமப் போகுதெண்டு சோறும் இறங்கல்ல."

இன்னொரு இலக்கத்துக்கும் எடுத்துப் பேசிவிட்டுப் போனை வைத்தவள் சொன்னாள்: "நாளைக்குப் பத்து மணிக்கு பாவா பாஸ் வாறாராம். மரையப் பாக்க."

பல் மறைந்தது.

பாவா பாஸ் என்பது காத்தான்குடி மெக்கானிக் முகைதீன்பாவா. கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். உள்ளதை உள்ளபடி ரோட்டுக்கே கேட்கச் சொல்லுவார். அவர் வந்து ஒரு நல்ல போல்ட்டை ஒரு நல்ல ஓட்டைக்குள் பூட்டிவிட்டால் பேர்னாட்டின் கதை கந்தல். தப்ப ஒரே வழிதான் இருந்தது. பொய்யை மெய்யாக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. பேர்னாட் போல்ட்டைத் திரும்பப் பூட்டினார். ஸ்பானரின் வாலில் கிணற்றடிப் பழைய பைப்பைச் செருகித் தொங்கினார். அசையவில்லை. இன்னும் தொங்கினார். "கடக்" என்றது. போல்ட் வெண்ணெய்க்குள் சுற்றுவதுபோலச் சுற்றியது. வாராவாரம் குளிப்பாட்டித் துடைத்த கார். அதன் எஞ்சினைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து மணிக்குப் பாவா பாஸ் வந்தார். போல்ட்டை இழுத்தார். கையோடு வந்தது. அதன் மரைக்குள் வெள்ளை அலுமினியத் துருவல் நூல் சுற்றினமாதிரிச் சுற்றியிருந்தது.

"பேர்னாட் சேர், இது தானாத் தேஞ்ச மரை இல்ல. ஆரோ பைப்புப் போட்டுத் தொங்கியிரிக்காங்க!"

"ஆரா இரிக்கும் பாவா காக்கா?" என்று இமெல்டா கேட்டாள்.

"முந்திச் சேவிஸ் பண்ணினவனாக்கும்" என்றார் பேர்னாட், முருங்கை மரத்தைப் பார்த்தபடி.

"அவனுக்குத்தான் மரை கழண்டிரிக்கி" என்றார் பாவா பாஸ்.

அவர் ஓட்டையைத் துளைத்துக் கொஞ்சம் பெரிதாக்கினார். புது மரை வெட்டினார். ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னக் கம்பிச் சுருளை அதற்குள் திருகி இறக்கினார். போல்ட் அதே பழைய அளவில் கச்சிதமாக உட்கார்ந்தது. எஞ்சினை இறக்கவுமில்லை, ஒரு மாதம் எடுக்கவுமில்லை. முக்கால் மணித்தியாலம்.

"முந்தின மரையவிட இது கெட்டி. கனடாவரைக்கும் ஓடலாம்" என்றார் போகும்போது.

கனடா என்ற சொல்லைக் கேட்டதும் பேர்னாட் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி. நாளைக்குக் கதிரவெளிக்குப் போவம்" என்றார்.

"கதிரவெளிக்கு ஏன்?" என்றாள் இமெல்டா. "அண்ணன் நாளைக்கு அங்க இல்ல. அவரோட படிப்பிச்ச மாஸ்டர்ட மகள்ட கலியாணம், இஞ்ச டவுன்ல. முடிஞ்ச கையோட பஸ்ஸில திரும்பிப் போறனெண்டு வியாழக்கிழமையே சொன்னவர். 'நீங்க ஆறுதலா மேட்ச்சுக்குப் போங்க' எண்டு உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தன். ஜேர்சிகூட அயன் பண்ணி வெச்சிட்டன். அதுக்குள்ள நீங்க போல்ட்டோட வந்திட்டீங்க."

பேர்னாட் மறுபடியும் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

அவள் கையில் போல்ட் இருப்பதுபோலத் தன் வெறும் விரல்களை உருட்டிக் காட்டினாள். "மரை போன போல்ட் எப்பிடி வருமெண்டு இப்பப் பாத்தீங்கதானே? வெள்ளிக்கிழமை நீங்க காட்டினது ஒரு துருவலும் இல்லாமப் பளபளவெண்டு இருந்திச்சி. ஆலையில அப்பா எனக்கு இதெல்லாம் காட்டித் தந்தவர். ஆனா கிணற்றடிப் பைப்பில தொங்குவீங்க எண்டு நான் நினைக்கல்ல. தேத்தண்ணிக் கோப்பையோட ஜன்னலடியில நிண்டு பாத்தன். நல்லாத்தான் தொங்கினீங்க."

"அப்ப... அண்ணன்?"

"நீங்க சோறு இறங்காமக் கவலப்படுறீங்க எண்டதும் மனிசனுக்குக் கண்ணீரே வந்திட்டு. கலியாணம் முடிய எங்கட வீட்ட வந்து பத்து நாள் நிக்கப் போறாராம். நாளைக்கு நாலு மணிக்கு மண்டபத்தடியில போய் ஏத்திக்கொண்டு வாங்க. அதுக்குத்தானே காரத் திருத்தினது."

குசினிக்குள் போன இமெல்டா வாசலில் தலையை மட்டும் நீட்டினாள்.

"போன் சின்னன் எண்டு நீங்க கண்ணக் கசக்கினத அண்ணன் கவனிச்சவராம். இந்தமுற எல்லாப் படத்தையும் டிவியில போட்டுக் காட்ட வயர் கொண்டு வாறார்."