மாட்சிமை தங்கிய மூக்கு

இங்கிலாந்து ராசாவின் மூக்கு மறுபடியும் விழுந்துவிட்டது.

பிறிஜெற் அதைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். களிமண்ணில் சிலை செய்யப் பழக்குவதற்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் அவள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்றுதான் நினைத்திருந்தாள். தலைமையாசிரியர் தில்லைநாதன் விடவில்லை.

“வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசித் துரை வாறார். ராசாவின்ர தலை மேசையில இருக்கவேணும். இல்லாட்டி மண் வகுப்பு அதோட சரி.”

பாவி மனிசன். மண்ணைத் தொட்ட பிறகுதான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுச் சிரிக்கவே தொடங்கியிருந்தார்கள். அதை நிறுத்தவிட அவளுக்கு மனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளைகளையும் சேர்த்து, ராசாவை மார்பளவுக்குச் செய்ய இறங்கினாள்.

“கொஞ்சம் தடிப்பாய் வைச்சுப் பாப்பம்,” என்றாள்.

தடித்த மூக்கும் விழுந்தது.

“நீட்டி விட்டால் நிக்கும், ரீச்சர்,” என்றாள் சிவக்கொழுந்து. வகுப்பிலேயே சின்னவள்.

நீளமாக உருட்டி, நுனியை நெஞ்சில் முட்டுக்கொடுத்தாள். மூக்கு நின்றது, கழுத்து சரிந்தது. கழுத்தைத் தாங்கக் கீழே பெரிய உருண்டை ஒன்று வைத்தாள். கிரீடம் வழுக்கியது. அதைப் பிடிக்கக் காதுகளை அகலமாக்கினாள். ஏதாவது விழாமல் நின்றால் போதும் என்றிருந்தவளுக்கு, மொத்தத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. தில்லைநாதனோ சுவருக்கு வெள்ளையடிக்கிற மும்முரத்தில் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

சூளைக்கு எங்கே போவது? மர்ஸூக்கின் பேக்கரியில் பாண் சுட்டு எடுத்த பிறகு, போறணை அடுப்புக்குள் விறகு அடுக்கிச் சுட்டார்கள். வெள்ளி காலை மர்ஸூக் கதவைத் திறந்து, குனிந்தபடியே நின்றார்.

“மிஸ், உள்ள வெச்சது ராஜாவத்தானே?”

“ஓம். ஏன்?”

“வெளிய வாறது வேற ஆள்.”

அப்போதுதான் பிறிஜெற் பார்த்தாள். தும்பிக்கை, முறக்காது, தொந்தி. மாதாவே என்று நெஞ்சில் கைவைத்தாள்.

பள்ளிக்கூடத்து மேசையில் கொண்டுபோய் வைத்ததுதான் தாமதம், கூட்டுகிற சீனியம்மா அறுகம்புல் சாத்திவிட்டாள். பிள்ளைகள் வரிசையாகத் தோப்புக்கரணம் போட்டார்கள்.

தில்லைநாதன் ஓடிவந்தார். “உடைச்சுப் போடும். உடனை உடைச்சுப் போடும்.”

“நீங்களே உடையுங்கோ, சேர்.”

நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர் இரண்டு கையையும் ஓங்கினார். ஓங்கிய கைகள் தாமாகவே போய்த் தலையில் குட்டிக்கொண்டன.

“நீர் உடையும். நீர் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரிதானே.”

“வேதக்காரி உடைச்சால் வெள்ளவத்தை சும்மா இருக்குமே? இருந்தாலும் நான் உடைக்கமாட்டன், சேர். பிள்ளையளும் தங்கட கையால செய்தது. வகுப்பை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. துரை இதைத்தான் பாப்பார்.”

கையை விரித்து மறித்தாள். மேசைக்கு முன்னாலிருந்து அவள் அசையவில்லை.

துரை வந்தார். மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தில்லைநாதன் தூணோடு ஒட்டிக்கொண்டார். போன பள்ளிக்கூடமெல்லாம் ராசாவையே காட்டிக் காட்டித் துரையை அலுக்கப்பண்ணியிருந்தன போலும். இப்படி ஒன்றைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன், மண் வகுப்பு வாரத்தில் இரண்டு தரம் நடக்கட்டும் என்று இங்கிலீசில் சொல்லி, பிறிஜெற்றின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

“நான் அப்பவே நினைச்சனான்,” என்றார் தில்லைநாதன், ஒருவரும் கேட்காமலே.

பிறிஜெற்றுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைக் கிட்டக் கூப்பிட்டாள்.

“வாற கிழமை முதல் வேலையாய், மூக்கு விழாமல் ஒட்டுறது எப்பிடியெண்டு படிப்பிக்கிறன்.”

“அது எங்களுக்குத் தெரியும், ரீச்சர்,” என்றாள் சிவக்கொழுந்து. “நீங்கள் அங்கால திரும்புற நேரமெல்லாம் தட்டி விழுத்தினது நாங்கள்தான்.”