டிகிரி அண்ணாச்சியின் உள்ளங்கால்

நாகர்கோவிலில் டிகிரி அண்ணாச்சியைவிட அதிக டிகிரி வைத்திருந்தவர் கிடையாது. இத்தனைக்கும் அவர் பத்தாம் வகுப்பில் தோற்றவர். மஸ்கட்டில் இருபது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்ததில், எதைத் தொட்டாலும் அதன் சூட்டை எண்ணில் சொல்லிவிடுவார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவர் மனைவி இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். தொட்டுப் பார்க்க அவருக்கு மிஞ்சியது ஊரார்தான்.

டீக்கடையில் அடுத்தவர் தம்ளரைத் தொட்டு, "அறுபத்தெட்டு. ஊதிக் குடியும்" என்பார். ஞாயிறு ஆராதனை முடிந்து கைகொடுத்த போதகரிடம், "நூத்தியொண்ணு இருக்கு. வீட்டுல போய்ப் படும்" என்றார். போதகர் மூன்று நாள் படுத்தார்.

ஒருநாள் அவர் அவித்த மரச்சீனிக்கிழங்கைக் காந்தாரி மிளகாய் தொட்டுத் தின்று எனக்குக் கண்ணீர் கொட்டியது. உடனே பாடம் ஆரம்பித்தார். "நரம்புல சின்னக் கதவு உண்டு மக்கா. சூடு பட்டாலும் தொறக்கும், மொளவு பட்டாலும் தொறக்கும். மண்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான். புதினாவுக்குத் தொறக்கது வேற, குளிருக்க கதவு." யூடியூபில் பார்த்தாராம்.

நாங்கள் வட்டக்கோட்டைக்குப் போன மதியம் அவர் செருப்பு வார் அறுந்தது. கொதிக்கும் கல்தளத்தில் வெறுங்காலோடு, ஈரமணலில் நடப்பவர்போல் நடந்தார்.

"அண்ணாச்சி, சுடலியா?"

"இல்லியே."

மறுநாள் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

டாக்டரம்மா அவருடைய காலை ஊசியால் தொட்டுக்கொண்டே போனார். அவரிடமும் கதவுப் பாடத்தை நடத்திவிட்டு அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கு. நீங்க சொல்ற கதவு இதயத்து நரம்புலயும் உண்டு. மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாமப் போகலாம். மூச்சு வாங்கினா, சும்மா வேர்த்தா உடனே வாங்க. வீட்டுல யாராவது தினமும் உள்ளங்காலைப் பாக்கணும்."

"வலி தெரியாதது நல்லதுதான் டாக்டரே. சொல்லதுக்கு வீட்டுல ஆளு இல்லல்லா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

அண்ணாச்சி கண்ணாடி ஒன்று வாங்கித் தரையில் வைத்து, காலைத் தூக்கிப் பார்க்கப்போய்க் கட்டிலிலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் நானே பார்த்தேன்.

"என்ன மக்கா, புண்ணு உண்டா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

அந்த ஒரு நிமிடத்துக்காக நாலு மணிக்கே கால் கழுவிக் காத்திருப்பார்.

பிறகு எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பூவும் காலை வணக்கமும் வருகின்றன. எனக்குத் தினமும் மாலையில் இரண்டு உள்ளங்கால்கள் வருகின்றன. படத்தில் பெருவிரல் பாதி வெட்டுப்பட்டிருந்தால் திரும்ப எடுக்கச் சொல்வேன். ஏழு மணிக்குள் வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.