கைதாக விரும்பிய ஆமையின் டர்போ கார்

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. ஜனநாயகக் காடுதான், சிங்கமே அப்படி அறிவித்திருந்தது. ஆமையின் பெயர் கோட்டைச்சாமி. வயது நூற்று நாற்பது. கலந்துகொண்ட போராட்டங்கள் அறுபத்தொன்று. கைதானது ஒருமுறைகூட இல்லை.

காரணம் கோழைத்தனம் அல்ல. தோழர் கோட்டைச்சாமி போய்ச் சேர்வதற்குள் கைது முடிந்து, விடுதலையும் முடிந்து, எலுமிச்சைச் சாதம் கட்டிவந்த இலைகள்தான் காற்றில் பறந்துகொண்டிருக்கும். காட்டு விலங்குகள் சங்க அலுவலக வாசலில் 'சிறை சென்றோர்' கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் அணிலின் பெயர்கூட இருக்கிறது. அணில் செய்த தியாகம், போலீஸ் வேனில் ஏறித் தூங்கிப்போனது.

ஆமையின் பிறந்தநாளுக்குச் சங்கத்தார் ஒரு டர்போ கார் கொடுத்தார்கள். அடுத்த மறியலுக்கு ஆமை அதில்தான் போனது. அப்போதும் இலைகள்தான் வரவேற்றன. இன்ஜினுக்குத் திறன் போதவில்லை என்று ஆமை முடிவுக்கு வந்தது. தலைமை எப்போதும் இப்படித்தான் முடிவுக்கு வரும்.

நேராக மெக்கானிக் லாரன்சிடம் போனது. லாரன்சு ஒரு கீரி.

"இப்போது நூற்றைம்பது குதிரைத்திறன். அறுநூறாக்க வேண்டும், தோழரே."

"எதுக்குங்க? காட்டு ரோடே நாலு கிலோமீட்டர். அதுல ஒன்பது வேகத்தடை."

"பத்தாம் தேதி சிங்கத்தின் அலுவலகம் முற்றுகை. முதல் கைது நானாக இருக்க வேண்டும்."

கீரி பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டது. "பெரிய டர்போ போடலாம். ஆனா ஒண்ணைப் பெருசாக்கினா அடுத்தது தாங்காது. எது தாங்கலையோ அதைக் கழட்டி வீசணும். அந்த மனசு இருக்கா?"

ஆமைக்குக் கண் கலங்கியது. இதைத்தானே அது எழுபது ஆண்டுகளாகத் துண்டறிக்கைகளில் எழுதி வந்தது! பழைய துண்டறிக்கை ஒன்றைத் திருப்பிப் போட்டு, 'பலவீனத்தைக் களைவோம்' என்று தலைப்பிட்டு, தீர்மானங்களை எழுதத் தொடங்கியது.

பெரிய டர்போ வந்தது. அது தள்ளிய காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய இன்ஜெக்டர்கள் நீக்கப்பட்டன. புதிய இன்ஜெக்டர்களின் தாகத்துக்குப் பம்ப் ஈடுகொடுக்கவில்லை, அதுவும் நீக்கப்பட்டது. இந்தச் சூட்டில் பிஸ்டன் உருகிவிடும் என்றது கீரி. உருகுவதற்கு முன்பே நீக்கப்பட்டது. கிளட்ச் வழுக்கியது, துரோகி என்று குறிப்பெழுதி நீக்கப்பட்டது. நீக்கிய ஒவ்வொன்றின் இடத்திலும் புதியது வந்தது, ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் ஆமை கையெழுத்திட்டது.

ஒன்பதாம் தேதி வெள்ளோட்டம். இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

"இன்னும் எது பலவீனம்?" என்றது ஆமை.

கீரி தலையைச் சொறிந்தது. "தப்பா நினைக்காதீங்க தோழர். பிரேக்குல இருந்து உங்க கால் ஆக்சிலேட்டருக்குப் போறதுக்குள்ள நான் டீயே குடிச்சுட்டு வந்துட்டேன்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளிருந்தே கேட்டது: "பக்கத்து சீட்டிலாவது?"

"முதுகுல அவ்வளவு கனம் இருக்கே, தோழர்."

கொள்கை கொள்கைதான். கடைசித் தீர்மானத்தையும் ஆமையே எழுதி, வாசித்து, கையெழுத்திட்டது. ஏகமனதாக நிறைவேறியது. காரை ஓட்டச் சிவிங்கிப்புலி அமர்த்தப்பட்டது. ஒன்பது வேகத்தடை உள்ள ரோட்டில் அது காரைவிட வேகமாக நடந்தே போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் பலவீனமாகிவிடும்.

பத்தாம் தேதி கார் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து, முதல் ஆளாகக் கைதானது. அனுமதியில்லாமல் இன்ஜினை மாற்றியதற்குத் தனி வழக்கு.

ஆமை நடந்தே பன்னிரண்டாம் தேதி வந்து சேர்ந்தது. இலைகள் பறந்துகொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் கழுதைப்புலி ஜீப்பில் ஏறப்போனது.

"ஐயா, என்னைக் கைது செய்யுங்கள்! கார் என்னுடையது."

"கார் சங்கத்துப் பேர்ல இருக்கு, பெரியவரே."

"திட்டம் என்னுடையது. இதோ ஆதாரம்!"

இன்ஸ்பெக்டர் துண்டறிக்கையைக் கடைசிவரை படித்தது. "இதுல உங்களை நீக்கியாச்சே. உங்க கையெழுத்துதானே இது?"

"என்னுடையதுதான்."

"அப்போ உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வெயிலுக்கு முன்னாடி வீடு போய்ச் சேருங்க."

கல்வெட்டில் இப்போது புதிய பெயர்கள்: சிவிங்கிப்புலி, டர்போ, இன்ஜெக்டர்கள் நால்வர், பம்ப், பிஸ்டன் சகோதரர்கள், கிளட்ச். எல்லாரும் காரோடு பிடிபட்டு ஒரு மாதம் காவலில் இருந்தவர்கள். திறப்பு விழாவுக்கு ஆமைக்கும் அழைப்பு போனது. அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நீதி: பலவீனத்தைக் களையும் தீர்மானத்தைத் துணிந்து எழுது, உரக்க வாசி, கையெழுத்தை மட்டும் அணிலைப் போடச் சொல்.