வட்டமாகக் கடிக்கும் பூச்சி

எங்கள் தெருவுக்கே காய்கறி போடப் போகிறவன் நான்தான் என்று என் மனைவி முடிவு செய்தபோது, நான் ஒரு பாவமும் அறியாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் இல்லாதவன் எந்தப் பெட்டியில் எந்தக் கழிவறையில் ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், "கொஞ்சம் எந்திரிங்க, பெருக்கணும்" என்று மனைவி கிளப்பிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எங்குமே ரிசர்வேஷன் இல்லை.

"ஏங்க, ஒரு நல்ல விஷயம்" என்று ஆரம்பித்தாள். இவள் நல்ல விஷயம் என்றாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

"என்ன?"

"ஊர்க் கடைசியில பண்ணை இருக்குல்ல, அங்க புதுசா இயற்கை விவசாயம் சொல்லித் தர்றாங்க. விவசாயத்துல ஒண்ணுமே தெரியாதவங்கதான் வேணுமாம்."

"அதுக்கு?"

"உங்களை விட்டா வேற யாருக்குங்க அந்தத் தகுதி இருக்கு?"

"இயற்கையா? வேண்டாம்மா. இந்த வயசுல அந்த வார்த்தையைக் கேட்டாலே 'இயற்கை எய்தினார்'னு காதுல விழுது."

"விளையாடாதீங்க. நமக்கு வர்ற காயெல்லாம் எங்கிருந்தோ லாரியில வருது. இங்க வந்து சேர்றதுக்குள்ள அதுவும் உங்களை மாதிரி ரிட்டயர் ஆயிடுது. நம்ம ஆளுங்களே பக்கத்துல விளைய வச்சு, நம்ம தெருவுக்கே கூடை போட்டுக் குடுக்கணும். அதுக்குத்தான் பயிற்சி. வாரத்துல மூணு நாள், காலையில போனா மதியம்தான் வரணும். பேர் குடுத்துட்டேன்."

வாரத்தில் மூன்று நாள். காலை முழுக்க. வீட்டுக்கு வெளியே! என் மண்டைக்குள் பச்சைக்கொடி அசைந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் செஸ் பலகையை விரித்து வைத்துக்கொண்டு, எதிராளி கிடைக்காமல் தன்னோடு தானே ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு யார் இருக்கிறார்கள்?

"ஊர் நன்மைக்காக ஒத்துக்கறேன்" என்றேன்.

முதல் வகுப்புக்குப் போனேன். பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு வகுப்புக்குப் போகத்தான் செய்தேன். சொல்லிக் கொடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். ஒரு மண்புழுவை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இவர்தான் உங்க முதல் வாத்தியார்" என்றாள். அந்த நிமிடமே அவளுக்கு மண்புழு டீச்சர் என்று நான் பெயர் சூட்டிவிட்டேன். ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்து, மண்ணை உயர்த்தி மேட்டுப்பாத்தி போடச் சொன்னாள். நானும் வெட்டினேன். பாத்தி உயரவில்லை, நான்தான் தாழ்ந்துகொண்டே போனேன். அடுத்த வகுப்பிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் விடமாட்டாள்.

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"மக்கு."

"என்னது?"

"மக்கு உரம். இலை, தழை, காய்த்தோல் எல்லாத்தையும் குழியில போட்டா அது மக்கு ஆகும். மக்கு எப்படி உருவாகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? கல்யாணம் ஆனதுலருந்து கூடவே இருந்து பாக்கறேனே."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து மடமடவென்று குடித்தேன்.

"சரி, உங்க பாத்தியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்தியில என்ன பாத்தீங்க?"

"பாத்தியைத்தான் பாத்தேன்!"

"மூடாக்கு போட்டாச்சா?"

மண் காயாமல் இருக்க மேலே வைக்கோலும் சருகும் பரப்புவதற்கு மூடாக்கு என்று பெயராம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. "மூடு இல்லம்மா, அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாத வார்த்தை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு பழைய பரிசோதகனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டு மூன்று மாதம் போனதும் அடுத்த கேள்வி வந்தது. "ஏங்க, விதைச்சீங்களே, கண்ணுல காட்ட மாட்டீங்களா?"

ஸ்டேஷன் வாசலில் புதிதாக ஒரு கடைக்காரம்மா கீரை, முள்ளங்கி, கத்திரிக்காய் என்று பரப்பி வைத்திருந்தார். "மருந்தே அடிக்காதது சார், பக்கத்துலயே விளைஞ்சது. விடிஞ்சுதான் பறிச்சாங்க" என்றார். எனக்குக் கடவுளையே கண்ட மாதிரி இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். பிளாட்பாரத்துப் பூந்தொட்டியிலிருந்து கொஞ்சம் மண்ணை அள்ளி முள்ளங்கிக்குப் பூசினேன். மீதியை என் முழங்கால் பக்கம் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டேன்.

கத்திரிக்காயைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடேயப்பா! என்ன பளபளப்பு! இதை வளர்த்த கைக்குத் தங்க வளையலே போடலாங்க."

"நான் ஆம்பளை. மோதிரம் போதும்."

"உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொன்னேன். ஆனா ஒரு சந்தேகம்."

"கேளு."

"மருந்தே அடிக்கலைங்கறீங்க. கீரையில ஒரு ஓட்டை கூட இல்லையே? பூச்சி தொடாத இலையைக் காட்டினா, இது இயற்கையா வளர்ந்ததுன்னு பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா நம்புவாங்களா?"

ஓட்டைதானே? என் வாழ்நாள் தொழிலே அதுதான். ஓய்வு பெறும் நாளில், நான் டிக்கெட்டில் ஓட்டை போட்ட இடுக்கியைப் பளபளவென்று துடைத்து, ஞாபகார்த்தமாக என் கையிலேயே கொடுத்திருந்தார்கள். அடுத்த தடவை அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் குதிரையை எங்கே நகர்த்தலாம் என்று யோசிக்கும் நேரத்தில், கட்டுக் கட்டாக வாங்கிய கீரைக்கு இலை இலையாக டிக்கெட் மாதிரி ஓட்டை போட்டேன். பழைய வேகம் குறையவே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மனைவி கீரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இந்தப் பூச்சி ரொம்ப ஒழுக்கமான பூச்சியா இருக்கே. எல்லாத்தையும் வட்டமாவே கடிச்சிருக்கு."

"பயிற்சி குடுத்த பூச்சி."

"பூச்சிக்குமா பயிற்சி?"

"டீச்சர் பாரபட்சம் பார்க்க மாட்டாங்க."

"இலைக்கு ஒரு ஓட்டைதான். ரெண்டாவது வாயே வைக்கலை."

"அளவாச் சாப்பிடுது. உன் தம்பி மாதிரி இல்லை."

அவள் சட்டென்று சமையலறைக்குள் ஓடிவிட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும் இருமலும் கேட்டன. தம்பியைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது போல என்று நானும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இப்படியே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் தண்டவாளத்தில் கல் விழுந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமை நம்ம தெரு ஆளுங்க எல்லாரும் பண்ணைக்கு வர்றாங்க" என்றாள். "பயிற்சிக்கு வர்றவங்க அவங்கவங்க பாத்தி பக்கத்துல நின்னு விளக்கணும். விளைச்சலைப் பாத்துட்டுத்தான் வாரா வாரம் கூடை வாங்கறதா வேண்டாமான்னு சொல்லுவாங்க. வீடுங்க சேர்ந்தாத்தான் சொந்தமா விவசாயம் பண்ண நிலம் குடுப்பாங்க. இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் பயிற்சியோட போச்சு."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது. என் எதிர்காலத்தின் மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று நான் உருகிப் போனேன். உருகின சூட்டில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல் என்றேன்.

"மண்ணுல நின்னா இறங்கிடும். நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்."

வழியில் கடைக்காரம்மாவிடம் ஓடினேன். இருப்பதையெல்லாம் வாங்கிப் பாத்தியில் சொருகி நிறுத்திவிடலாம் என்பது என் கடைசித் திட்டம். கடையில் வெறும் சாக்குதான் விரித்திருந்தது. "இன்னிக்குச் சரக்கு வராது சார். எல்லாம் தோட்டத்துலயே நிக்குது" என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

பண்ணைக்குள் நுழைந்தால் எல்லாப் பாத்தியும் பச்சைப்பசேல். இதில் என்னுடையது எது? ஒரே ஒரு நாள் பார்த்த மண்ணை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? யோசித்தேன். நான் தொடாத பாத்தி எப்படி இருக்கும்? கேவலமாக இருக்கும். ஆகவே இருப்பதிலேயே கேவலமானதைத் தேடினேன். வேலி ஓரத்தில் கிடைத்தது. சருகு, காய்ந்த கொடி, அழுகின தக்காளி, அதற்கு மேல் தானாக முளைத்த புல். சந்தேகமே இல்லை, என்னுடையதுதான். பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

தெருவே திரண்டு வந்தது. முன்னால் நர்ஸ் அக்கா, பின்னால் தையல்காரர், பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் எல்லாரும். சமாளிக்க வேண்டியதுதான் என்று ஆரம்பித்தேன்.

"வாங்க, வாங்க! எல்லாரும் செடியை அடக்கி ஒடுக்கி வரிசையில நிக்க வச்சு வளர்ப்பாங்க. என் வழி வேற. நான் சுதந்திரம் குடுத்து வளர்க்கறேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு வெளியில தெரியாது. ஆனா அவ்வளவும் சத்து! இதை உருவாக்க நான் பட்ட பாடு..."

நர்ஸ் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா சார் கூடையில குடுப்பீங்க?" என்றார்.

"முழுக்க இதுதான்."

மண்புழு டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், சார்! அது பாத்தி இல்லை. அது மக்குக் குழி!"

"மக்குப் பக்கத்துல எதுக்குங்க நிக்கறீங்க? யார் எதுன்னு ஜனங்க குழம்பிடுவாங்க" என்று இன்னொரு பக்கமிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். நடுவில் இருப்பதிலேயே செழிப்பான பாத்தி. மேலே பூச்சி வராமல் மெல்லிய வலை. கத்திரிக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை மண்ணோடு என் மனைவி.

ஸ்டேஷன் வாசலில் நான் பேரம் பேசாமல் வாங்கியதும், மண் பூசியதும், ஓட்டை போட்டதும், வீட்டுக்குக் கொண்டுபோய் மார் தட்டியதும் எந்தப் பாத்தியில் விளைந்தவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டவன் போல நின்றேன்.

"நீ... இங்க..."

"நீங்க ஓடின மறுவகுப்புலருந்து."

"நான் ஓடுவேன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதானே பேர் குடுத்தேன்."

"உனக்கு ஆசைன்னா உன் பேரையே குடுத்திருக்கலாமே!"

"குடுத்திருந்தா? காலையில டீ யார் போடறது, சட்டை எங்க, கண்ணாடி எங்கன்னு ஊரைக் கூட்டியிருப்பீங்க. ஒரு வகுப்புக்காவது என்னால முழுசாப் போக முடிஞ்சிருக்குமா? உங்களை வெளிய அனுப்பினாத்தாங்க நான் வெளிய வர முடியும்."

மனது சுருக்கென்றது. இத்தனை வருஷமாக இவளுக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது என்பதை நான் கேட்டதும் இல்லை, கவனித்ததும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் தெருக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். எந்தச் செடிக்குப் பக்கத்தில் எதை நட்டால் பூச்சி வராது, மூடாக்கு எதற்கு, கீரையை எப்படிப் பறித்தால் மறுபடி துளிர்க்கும் என்று விளக்கினாள். பேசிக்கொண்டே, கை தன் பாட்டுக்குக் களை பறித்தது. களை பறிக்கிறவள் முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாண போட்டோவில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. இவள் என் மனைவி என்று அங்கேயே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நர்ஸ் அக்கா முதலில் கூடைக்குச் சொன்னார். தையல்காரர் சொன்னார். பள்ளிக்கூடத்துச் சமையல்காரர், "பிள்ளைங்களுக்கு வாரா வாரம் வேணும்மா, விட்டுடாதீங்க" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நிலம் கிடைத்தது. இப்போது தெருவில் பாதி வீட்டுக்கு அவள் கூடைதான் போகிறது. மீதிப் பாதி கேட்டுக்கொண்டிருக்கிறது.

நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். புது பேட்ச் ஆரம்பித்தபோது நானே போய் என் பேரைக் கொடுத்தேன். ஒரு வகுப்பு விடாமல் போனேன். இடுப்பு முதலில் கத்தியது, பிறகு பழகிக்கொண்டது. ஸ்டேஷன் மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். மண்ணில் கை வைத்தால் மனது லேசாகிறது என்பதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் செய்தார்கள், நான்தான் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் என் சொந்தப் பாத்தியில், என் சொந்தக் கையால் முதல் அறுவடை எடுத்தேன். ஒரு கட்டு முள்ளங்கி. ஒல்லியாக, இரண்டு கால் முளைத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இருந்தன. இலை முழுக்க ஓட்டை, எல்லாம் அசல் பூச்சி கடித்தது. கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்து மனைவி முன்னால் நீட்டினேன்.

"பாத்தியா? நானே வளர்த்தது. நாளைக்கு நர்ஸ் அக்கா கூடையில இதைத்தான் வைக்கணும்."

அவள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்ணைத் தட்டினாள். முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. என் கண்ணே கலங்கிவிட்டது.

"நல்லா வந்திருக்குங்க" என்றாள். "ஆனா கூடைக்கு வேண்டாம். ஸ்டேஷன் வாசல் கடையில குடுத்துடுங்க. உங்க பேட்ச்லருந்து யாராவது ஒரு வீட்டுக்காரர் ஓடியிருப்பார்ல, அவர் பேரம் பேசாம வாங்கிப்பார்."