எங்கள் வீட்டுத் துப்பாக்கி

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பயந்தால் வாயடைத்துப் போகிறவர்கள் ஒரு வகை. பயந்தால் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. முதல் வகையாகப் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஐம்பதுகளில் நடந்த கதை இது. என் மூத்த மகள் மல்லிகாவுக்கு அப்போது எட்டு மாதம். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். மாடியைப் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் கமலாக்கா குடும்பம். கீழே மில் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கும் டம்ளர்களெல்லாம் பேச ஆரம்பிக்கும். மாடியில் யாராவது கத்தினால் கீழே கேட்காது. (மல்லிகா கத்தினால் மட்டும் கேட்கும். மில்காரரே ஒருமுறை மெஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து விசாரித்திருக்கிறார்.)

அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் மல்லிகா அல்ல, என் நாத்தனார் ராஜத்தின் நகை. ராஜத்துக்குத் தை மாதத்தில் கல்யாணம். மாமியார் மலாயாவில் கிள்ளானில் இருந்தாலும் நகை செய்யக் கொடுத்தது சிராங்கூன் ரோட்டுப் பத்தரிடம். அட்டிகை, ஒரு ஜோடி கல் வளையல், ஜிமிக்கி. எல்லாவற்றையும் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "நீ படிச்ச பொண்ணு, பத்திரமா வச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு மாமியார் ரயிலேறிவிட்டார். பேங்கில் வைக்கலாமே என்றதற்கு, ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடித்த நோட்டுகளெல்லாம், அவன் தோற்றதும் வெறும் காகிதமாகிப் போன கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஆகவே நகை எங்கள் மர அலமாரிக்குள் வந்து உட்கார்ந்தது. அது தொலைந்தால் கல்யாணம் நிற்கும். படித்த பெண்ணின் கதி என்னவாகும் என்று யோசிக்கவும் எனக்கு தைரியம் இல்லை.

அடுத்த வாரமே எதிர் வீட்டில் பட்டப்பகலில் திருட்டு. தையல் மெஷினைக்கூடத் தூக்கிப் போய்விட்டார்கள். காலால் மிதிக்கிற மெஷினையே மாடிப்படியில் இறக்கத் தெரிந்தவனுக்கு ஓர் அட்டிகை எந்த மூலைக்கு? அன்றைக்கே நான் முடிவு செய்தேன்: நமக்கு ஒரு துப்பாக்கி வேண்டும்.

என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். களைத்து வந்து படுப்பவரை எழுப்பி எழுப்பி இதையே சொன்னதில், எப்படியாவது தூங்கினால் போதும் என்று ஒத்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டும் வந்தார். லைசென்ஸுக்கு மனுப் போட வேண்டும். ஓர் ஆபீசர் வீட்டுக்கே வந்து, துப்பாக்கியை எங்கே வைப்போம், எதற்காகக் கேட்கிறோம் என்றெல்லாம் பார்ப்பார். அவர் சரியென்றால்தான் கிடைக்கும். மனுவில் கையெழுத்துப் போடும்போது என் கணவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளை நான் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். "வர்ற ஆபீசர் எது கேட்டாலும் மறைக்காம சொல்லு, சரோஜா. எதையாச்சும் மறைச்சா லைசென்ஸ் கிடைக்காது."

பிற்பாடு எங்கள் வீட்டில் நடந்த எல்லா விசாரணைகளிலும் இந்த வாக்கியத்தை நான் தவறாமல் எடுத்து வைத்தேன். அவர் சாகும் வரைக்கும், அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொள்ளவே இல்லை.

லைசென்ஸ் வருவதற்குள் எந்தத் துப்பாக்கி என்று தீர்மானித்துவிடலாம் என்று ஹை ஸ்திரீட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். மல்லிகா என் இடுப்பில். கடைக்காரர் வயதான யூரேஷியர், பொறுமைசாலி. முதலில் ஒரு ரிவால்வரைக் காட்டினார். கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. மல்லிகாவின் வாய்க்கும் அடக்கமாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்றேன். இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காட்டினார். அதை அவளால் விழுங்க முடியாது. ஆனால் எங்கள் அறையில் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், கொடியில் காயும் குழந்தைத் துணியெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். அப்படியே சுட்டாலும் தடுப்புப் பலகையைத் துளைத்துக்கொண்டு கமலாக்காவின் சமையலறைக்குப் போகும். திருடனை விட்டுவிட்டுக் கமலாக்காவைச் சுட்டேன் என்று நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது?

கடைக்காரர், சரி, துப்பாக்கியை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். இதற்கு நான் தயாராகவே இருந்தேன். குழந்தை இருக்கிற வீடு. ஆகவே துப்பாக்கி அலமாரி உச்சியில், பூட்டிய பெட்டிக்குள். தோட்டாக்கள் சமையலறையில் அரிசி டின்னுக்குள். சாவி சாமி படத்துக்குப் பின்னால். அவர் என் முகத்தையும் குழந்தையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, இத்தனையும் எடுத்து முடிக்கும்வரை திருடனை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டார்.

என் கணவர் சிரித்துவிட்டார். நான் பஸ்ஸில் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. இரவெல்லாம் ரிவால்வரா, இரட்டைக் குழலா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். ஆபீசர் வந்தால் அவரையே கேட்டுவிடலாம் என்று தோன்றியதும்தான் கண் அசந்தது.

அதன் பிறகு ஆபீசருக்காகக் காத்திருந்தேன். தினமும் தரையைத் துடைத்து, தலையைச் சீவி, ஒரு நல்ல புடவையும் கட்டிக்கொண்டு. டின் நிறைய ரவா லாடு பிடித்து வைத்தேன். (லஞ்சம் இல்லை. வீட்டுக்கு வருகிறவருக்கு வெறும் காப்பியா கொடுப்பது?)

ஒரு நாள் பகல், சாப்பாட்டு நேரம் கழிந்து, மில் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கமலாக்கா கோயிலுக்குப் போயிருந்தார். மாடிப்படியில் ஒருவர் மெதுவாக ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, ஒரு கையில் குடை, தோளில் பெரிய துணிப்பை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், நான் இருப்பதைக் கண்டதும் திரும்பப் போனார்.

அவரைப் போக விட்டிருக்கலாம். விடவில்லை. லைசென்ஸ் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் ஓடிப்போய், "போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வர்றீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த மல்லிகாவைப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார்.

"வாங்க சார், உக்காருங்க. உங்களத்தான் தினம் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ஒரு திருடருக்கு இதைவிட நல்ல வரவேற்பு சிங்கப்பூரில் எங்கேயும் கிடைத்திருக்காது. அவர் கேட்டதென்னவோ இரண்டு மூன்று கேள்விகள்தான். வீட்டில் வேறு யார் என்றார். கணவர் நாலு மணிக்குத்தான் வருவார், பக்கத்து வீட்டு அக்கா கோயிலில், கத்தினாலும் மில் சத்தத்தில் கேட்காது, அதனால்தான் சார் துப்பாக்கி கேட்கிறோம் என்றேன். ஜன்னலைப் பார்த்தார். அதன் கொக்கி சரியாக விழாது, வெளியிலிருந்து ஒரு குச்சியை விட்டே தூக்கிவிடலாம் என்று நானே தூக்கியும் காட்டினேன். எதையும் குறித்துக்கொள்ளாமல் இருக்கிறாரே, லைசென்ஸ் கொடுக்க மனமில்லையோ என்று பயந்து, பென்சில்கூட எடுத்துக் கொடுத்தேன்.

"நகை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மறைக்காமல் சொன்னேன். சொல்வதென்ன, அலமாரியைத் திறந்து நகைப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நாத்தனார் கல்யாணத்து நகை என்பதையும், அதனால் எனக்குத் தூக்கமில்லை என்பதையும் சொன்னேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது. பாவம், வெயிலில் நடந்து வந்தவருக்கு இன்னும் காப்பி கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று எழுந்தார். நான் விடவில்லை.

சமையலறையில் கரி அடுப்பு. மல்லிகா கையைக் காலை நீட்டுகிற வயது. அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் அவளைக் கமலாக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது என் வழக்கம். கமலாக்கா இல்லை. ஆபீசர் இருந்தார்.

"கொஞ்சம் பிடிங்க சார்" என்று குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனேன்.

மல்லிகாவுக்கு அப்போது பல் முளைக்கிற பருவம். எதைப் பிடித்தாலும் விடமாட்டாள். கீழே இறக்கினாலோ மில் நின்றுவிடும்படி கத்துவாள். கரியை விசிறிக்கொண்டிருந்த எனக்கு அவள் வீறிடுவதும், உடனே அவர், "இல்ல இல்ல, இறக்கல, இறக்கல" என்று கெஞ்சுவதும் கேட்டது. இப்படி ஒரு நல்ல மனுஷரா என்று நினைத்துக்கொண்டு, காப்பியில் இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டேன்.

காப்பியோடு வந்தபோது அவர் அறை நடுவில் நின்றிருந்தார். மல்லிகா அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, அதன் நுனியை மென்றுகொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. துணிப்பை நாற்காலி மேல் இருந்தது. மேஜை மேல் வைத்திருந்த நகைப்பெட்டியைக் காணோம் என்பதை நான் கவனிக்கவே இல்லை. என் கவனமெல்லாம் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியில் இருந்தது.

"ரிவால்வர் நல்லதா சார், இரட்டைக் குழல் நல்லதா?"

அவர் பெருமூச்சு விட்டார். "ரெண்டும் வேணாம்மா. துப்பாக்கி இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா அதை எடுக்கவே ஒருத்தன் வருவான். முதல்ல அந்த ஜன்னல் கொக்கிய மாத்துங்க."

துப்பாக்கி விஷயத்தில் இதுவரை நான் கேட்டதிலேயே மிகச் சரியான யோசனை அதுதான்.

அந்த நேரத்தில் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். சீருடையில், பெரிய மீசையோடு ஒரு சார்ஜண்ட் வாசலில் வந்து நின்றார். லைசென்ஸ் மனு விஷயமாக வந்ததாகச் சொன்னார், நல்ல தமிழில். ஒரு மனுவுக்கு இரண்டு ஆபீசர்களை அனுப்பியிருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.

"உள்ள வாங்க சார். இந்த சாரும் உங்க ஸ்டேஷன்தான்" என்று இருவரையும் அறிமுகம் செய்து வைத்தேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார்ஜண்ட் கதவை மறைத்துக்கொண்டு ஓர் அடி உள்ளே வைத்தார். முதலில் வந்தவர், எப்படித்தான் அந்தக் காலரை விடுவித்தாரோ, மல்லிகாவைத் தூக்கி சார்ஜண்டின் கையில் கொடுத்துவிட்டு அவருடைய இடுப்போரமாகப் புகுந்து ஓடினார். மல்லிகா அடுத்த நொடியே சார்ஜண்டின் மீசையைப் பிடித்துவிட்டாள். குழந்தையோடு படியில் ஓட முடியாது; மீசையை விட்டுவிட்டுக் குழந்தையைக் கீழே இறக்கவும் முடியாது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முடிப்பதற்குள் அவர் சந்தைக் கடந்துவிட்டிருந்தார்.

நாற்காலி மேல் துணிப்பை அப்படியே இருந்தது. சார்ஜண்ட் மீசையைத் தடவிக்கொண்டே அதைக் கவிழ்த்தார். ராஜத்தின் நகைப்பெட்டி, எங்கள் வெள்ளிக் குங்குமச்சிமிழ், என் பென்சில். இரண்டு கையிலும் குழந்தை இருந்ததால் பையை மாட்டிக்கொள்ள முடியாமல் போயிருக்கிறது. அட்டிகையை எடுத்துப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது.

சார்ஜண்ட் நல்லவர். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, ஆறிப்போயிருந்த அந்தக் காப்பியையும் குடித்தார். லாடு இரண்டு சாப்பிட்டார். நான் நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். கொக்கி வரைக்கும். கேட்டு முடித்துவிட்டு, "அலாமாக்" என்று மலாய்க்காரர்கள் மாதிரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு லைசென்ஸ் பற்றி நான் இழுத்தபோது சொன்னார்: "வேணாம்மா. உங்களுக்குத் துப்பாக்கி குடுத்தா, அதையும் எடுத்துக் காட்டி எப்படிச் சுடுறதுன்னு அவன்கிட்டயே கேப்பீங்க."

நாலு மணிக்கு வந்த கணவர் கதையைக் கேட்டுவிட்டு முதலில் நகையை எண்ணினார், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டார், பிறகு என் பக்கத்தில் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். "எல்லாம் சரி. திருடனுக்கு என்ன வார்த்தைக்கு வார்த்தை 'அவர்'?" என்று கேட்டார். என் குழந்தையைக் கீழே போடாமல் வைத்திருந்தவரை வேறு எப்படிச் சொல்வது? அவர் அகப்படவே இல்லை. அவர் விட்டுப்போன குடை மட்டும் எங்கள் வீட்டில் பல மழைக்காலம் உழைத்தது. ஜன்னல் கொக்கியை மறுநாளே மாற்றிவிட்டோம்.

தை மாதத்தில் ராஜம் அந்த அட்டிகையோடு மணையில் உட்கார்ந்தாள். கல்யாணப் பந்தலில் மாமியார், இலை போட்ட ஒவ்வொரு வரிசையிலும் நின்று கதையைச் சொன்னார். மல்லிகாவைக் கையிலிருந்து கைக்கு மாற்றி, "எங்க வீட்டுத் துப்பாக்கி இதுதான்" என்று எல்லாருக்கும் காட்டினார். அன்றிலிருந்து அவளுக்குத் துப்பாக்கி என்றே பெயராகிவிட்டது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட ராஜம், வாய் தவறி, "துப்பாக்கி இப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டாள். (அந்த இடம் அமையவில்லை. மூன்றாவதாக வந்த பையன் காரணம் கேட்டுச் சிரித்தான், அவனுக்கே கொடுத்தோம்.)

இப்போது துப்பாக்கி கிளமெண்டியில் குடியிருக்கிறாள். வேலைக்குப் போகும்போது தன் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கதவில் இரும்புக் கிராதி, இரட்டைப் பூட்டு எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் நான் பயந்தவள்தானே, யாராவது வந்தால் என்ன செய்வது என்று தினமும் ஒருமுறை கேட்டுவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவளும் தினமும் அதே பதிலைத்தான் சொல்கிறாள்.

"கையில பாப்பாவக் குடுத்துட்டு, உள்ள போயி காப்பி போடும்மா."